பாய்லர் அறையிலிருந்து ஸ்டீம்பங்க் படிப்பது

ஸ்டீம்பங்க் நாவல் எதைத் திறந்தாலும் நான் முதலில் பாய்லரைத் தேடுவேன். அது எங்கே இருக்கிறது, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கரியை யார் போடுகிறார்கள், சாம்பலை யார் வாருகிறார்கள்? இந்த நான்குக்கும் பதில் வைத்திருக்கிற எழுத்தாளர் என்றால், அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் நம்புவேன். லண்டன் வானத்தில் போர்க்கப்பல் பறக்கட்டும், நாற்காலியில் இருக்கும் கனவான் திடீரென்று ஓநாயாக மாறட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் தொழில் அப்படிப் பழக்கியிருக்கிறது. நான் பாய்லர் ஆபரேட்டர். ஒரு தொழிற்சாலைக்கு நீராவி கொடுக்கும் கொதிகலனுக்குப் பக்கத்தில்தான் என் வேலைநேரம் முழுவதும் கழிகிறது. அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது, நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. மீதியைக் காதுதான் செய்கிறது. பம்ப்பின் சத்தத்தில் ஒரு சிறு தடுமாற்றம், எங்கோ ஒரு வால்வு மெல்லச் சீறுவது, குழாய்க்குள் தேங்கிய தண்ணீரை நீராவி அடித்துக்கொண்டு ஓடும் தடதடப்பு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து நான் விரும்பிப் படிப்பதும் நீராவியைப் பற்றித்தான். வேலையை வீட்டுக்குக் கொண்டுவருகிறாயே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. என் தொழிலுக்கு இலக்கியத்தில் ஒரு தனி உலகமே இருக்கிறது என்பது எனக்கு எவ்வளவு பெரிய மகிழ்ச்சி என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

இந்த வகையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலம், அல்லது அதன் சாயலில் எழுப்பப்பட்ட ஒரு கற்பனை உலகம். அங்கே பெட்ரோல் எஞ்சினோ மின்னணுச் சாதனமோ வந்து நீராவியை ஓரம்கட்டவில்லை. நீராவியும் பித்தளையும் கடிகாரச் சக்கரங்களும் தொடர்ந்து வளர்ந்து விமானமாக, கணினியாக, மனித உருவமாக மாறிவிட்டன. சில கதைகளில் மந்திரமும் உண்டு, பேய்களும் உண்டு. 1987இல் கே.டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர், ‘லோகஸ்’ என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் தானும் டிம் பவர்ஸும் ஜேம்ஸ் பிளேலாக்கும் எழுதிவந்த விக்டோரியக் கற்பனைக் கதைகளுக்கு இந்தப் பெயரை முன்மொழிந்தார்.

அந்த மூவரும் கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு லண்டனைப் பற்றி எழுதியவர்கள். அவர்களுக்கு லண்டனைக் காட்டியது ஒரு புத்தகம். ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் 1840களின் இறுதியிலிருந்து லண்டன் தெருக்களில் அலைந்து, உழைக்கும் ஏழைகளிடம் பேசி எழுதிய பெரும் தொகுப்பு அது. தேம்ஸ் நதியின் சேற்றில் இறங்கி, படகுகளிலிருந்து விழுந்த கரித்துண்டுகளையும் ஆணிகளையும் பொறுக்கி விற்ற சிறுவர்கள் அதில் இருக்கிறார்கள். சாக்கடைச் சுரங்கங்களுக்குள் விளக்கோடு புகுந்து நாணயமும் உலோகமும் தேடியவர்கள் இருக்கிறார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்காகத் தெருவில் நாய்க்கழிவு சேகரித்தவர்களும் இருக்கிறார்கள். யாரும் இதைக் கற்பனை செய்திருக்க முடியாது. டிம் பவர்ஸின் ‘தி அனுபிஸ் கேட்ஸ்’ நாவலில் 1810ஆம் ஆண்டு லண்டனின் நிலத்தடியில் ஒரு கோமாளி பிச்சைக்காரர்களின் படையை ஆள்கிறான். அந்த நாவலில் பாய்லருக்கு வேலையே இல்லை. இருந்தும் அதை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அதன் இருட்டுக்கும் ஈரத்துக்கும் நாற்றத்துக்கும் பின்னால் உண்மையான மனிதர்களின் வாக்குமூலம் இருக்கிறது.

நீராவி எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்தால், அதில் எதுவும் ஒளிந்திருப்பதில்லை என்பதுதான் முதல் காரணம். நெருப்பைப் பார்க்கலாம். தண்ணீரைப் பார்க்கலாம். பிஸ்டன் தண்டு போய்வருவதும், அது சக்கரத்தைத் திருப்புவதும் கண்ணெதிரே நடக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் திறந்த வெளியில் கொதித்து ஆவியானால் ஏறக்குறைய 1,670 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். விக்டோரியா காலத்தின் தொழில் பலத்தில் பெரும்பகுதி அந்த ஒரு விரிவிலிருந்து பிறந்தது. ஒரு கதைக்கு இதைவிட நல்ல இயந்திரம் கிடைக்காது. பழுதானால் எங்கே பழுது என்று நாயகி கையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்கும்போது கை வெந்துபோகவும் கூடும்.

இரண்டாவது காரணம் ஆபத்து. ரிச்சர்ட் டிரெவிதிக் உயர் அழுத்த நீராவியைத் துணிந்து பயன்படுத்தியவர். 1803இல் கிரீனிச்சில் அவருடைய எஞ்சின் ஒன்றின் பாய்லர் வெடித்து மனிதர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் அவர் தன் பாய்லர்களில் இரண்டு பாதுகாப்பு வால்வுகள் வைத்தார். ஈயத்தால் ஆன உருகு அடைப்பானையும் சேர்த்தார். தண்ணீர் குறைந்து இரும்பு சூடேறினால் ஈயம் உருகி வழிவிடும், நீராவி பாய்ந்து நெருப்பை அணைக்கும். 1865இல் மிசிசிப்பி ஆற்றில் ‘சுல்தானா’ என்ற நீராவிப் படகின் பாய்லர்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து சிறையிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த வீரர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். இன்று நான் அன்றாடம் சோதிக்கும் ஒவ்வொரு வால்வுக்குப் பின்னாலும் இப்படிச் சிலருடைய சாவு இருக்கிறது.

எனக்கு வேலை கற்றுத்தந்த மூத்த ஆபரேட்டர் முதல் நாளே ஒன்றைச் சொன்னார். “கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லையென்றால் தண்ணீர் விடாதே தம்பி. முதலில் நெருப்பை நிறுத்து.” காய்ந்து சிவந்த இரும்பின்மேல் குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தால் அது அந்தக் கணமே ஆவியாகும். தாங்காத இரும்பு பிளக்கும். நாவல்களில் இந்த இடத்துக்காகவே காத்திருப்பேன். பாய்லர் வறண்டுவிட்டது, எதிரி துரத்துகிறான், “தண்ணீர்! தண்ணீரைத் திற!” என்று தளபதி கத்துகிறார். அவர் சொன்னபடி தண்ணீரைத் திறந்து கப்பல் தப்பிக்கிறது என்று எழுதியிருந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன். கரி படிந்த முகத்தோடு ஒரு கிழவர் தளபதியின் கையைப் பிடித்துத் தடுத்து, நெருப்பை வெளியே இழுத்துக் கொட்டினால், அந்த எழுத்தாளரின் மற்ற நூல்களையும் அன்றே தேட ஆரம்பித்துவிடுவேன்.

பறக்கும் கப்பல் இல்லாமல் இந்த வகை இல்லை. அட்டைப்படங்களில் பாதிக்குமேல் அதுதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஆன்ரி ஜிஃபாரை நினைத்துக்கொள்கிறேன். 1852 செப்டம்பர் 24 அன்று பாரிஸிலிருந்து அவர் நீராவி எஞ்சின் பொருத்திய வான்கப்பலில் ஏறி ஏறக்குறைய 27 கிலோமீட்டர் பறந்தார். இது நாவல் அல்ல, நடந்தது. சுருட்டு வடிவப் பையின் நீளம் 44 மீட்டர். எஞ்சினின் திறன் 3 குதிரைத்திறன். தலைக்கு மேலே எரியக்கூடிய வாயு, காலடியில் நெருப்பு! பொறி மேலே போய்விடாதபடி அவர் புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டார். எல்லாப் புகைபோக்கிகளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒன்றைத் தரையைப் பார்க்கத் திருப்பிய அந்தத் துணிவை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. எதிர்க்காற்றில் திரும்பி வரும் அளவுக்கு அந்த எஞ்சினுக்கு வலு இல்லை. ஆனாலும் அவர் அதை வளைத்துத் திருப்பிக்காட்டினார்.

ஜிஃபார் என்ற பெயர் எனக்கு நாவல் வழியாகவோ வரலாறு வழியாகவோ வரவில்லை. பாய்லர் பாடத்தில் வந்தது. 1858இல் அவர் காப்புரிமை பெற்ற இன்ஜெக்டரைப் படிக்காமல் எங்கள் தொழிலில் யாரும் தேர முடியாது. பாய்லரின் நீராவியைக் கொண்டே அதே பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும் கருவி அது. கேட்டால் நடக்காத காரியம்போல் தோன்றும். நீராவி ஒரு குறுகிய வாய் வழியாக அதிவேகமாகப் பாய்கிறது. குளிர்ந்த தண்ணீரோடு கலந்து, தானும் தண்ணீராகி, தன் வேகத்தை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்துவிடுகிறது. அடுத்து வரும் அகன்ற கூம்பில் அந்த வேகம் அழுத்தமாக மாறுகிறது. பாய்லருக்குள் இருக்கும் அழுத்தத்தையும் மிஞ்சி, அடைப்பு வால்வைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் உள்ளே போகிறது. சுழலும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. உலகத்தின் ரயில் எஞ்சின்கள் பல்லாண்டுகள் இதை நம்பித்தான் ஓடின. வான்கப்பல் விட்டவரும் இவரும் ஒரே ஆள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அன்றிலிருந்து என்னைப் பொறுத்தவரை ஸ்டீம்பங்க் நாயகன் என்றால் அது ஜிஃபார்தான். 1878 பாரிஸ் கண்காட்சியில் பெரிய பலூன் ஒன்றைக் கயிற்றில் கட்டி, நீராவி வின்ச் மூலம் பொதுமக்களை ஏற்றி இறக்கியவரும் அவரே. 1882இல் இறந்தபோது தன் சொத்தை நாட்டுக்கு எழுதிவைத்திருந்தார். அவரைக் கதாபாத்திரமாக வைத்து ஒரு பெரிய நாவல் எழுதப்பட வேண்டும்.

நாவல்களின் வான்கப்பல்கள் பெரும்பாலும் கணக்கில் தோற்றுப்போகின்றன. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறக்குறைய 1.1 கிலோ எடையைத்தான் தூக்கும். ஒரு டன் கரியைச் சுமக்க மட்டுமே 900 கன மீட்டர் வாயு வேண்டும். கரியை விடுங்கள், தண்ணீரை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? ஒரு கிலோ நல்ல கரி ஆறேழு கிலோ தண்ணீரையாவது ஆவியாக்கிவிடும். அந்த ஆவியைக் குளிர்வித்துத் திரும்பப் பிடிக்காவிட்டால் கப்பல் கரியைவிடப் பல மடங்கு தண்ணீரைச் சுமக்க வேண்டும். வானத்தில் மேகத்துக்குள் புகுந்து ஈரத்தைச் சேகரிக்கும் கப்பல், ஏரிகளில் தாழ்ந்து இறங்கித் தண்ணீர் நிரப்பும் கப்பல், அந்த ஏரிக்காக நடக்கும் சண்டை என்று எவ்வளவு கதை இதற்குள் இருக்கிறது! தடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சாகசம் பிறக்கிறது. அதனால்தான் இந்தக் கணக்கை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னுக்கு இது நன்றாகத் தெரியும். அவர் காலத்தில் ஸ்டீம்பங்க் கிடையாது. தன் காலத்தின் இயந்திரங்களை நாலடி முன்னே தள்ளி எழுதியவர் அவர். ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ நாவலில் கேப்டன் நெமோவின் நீர்மூழ்கிக் கப்பல் ‘நாட்டிலஸ்’ மின்சாரத்தில் ஓடுகிறது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மின்சாரத்துக்கு சோடியம் வேண்டும், கடல்நீரிலிருந்து சோடியம் பிரிக்க வெப்பம் வேண்டும், வெப்பத்துக்குக் கரி வேண்டும் என்று வெர்ன் சங்கிலியைக் கடைசிக் கண்ணி வரை கொண்டுபோகிறார். அணைந்துபோன எரிமலை ஒன்றுக்குள் நெமோவின் ரகசியத் துறைமுகம் இருக்கிறது. அங்கே அவருடைய ஆட்கள் கடலடியில் இறங்கிக் கரி வெட்டுகிறார்கள். அதை எரிக்கும்போது எழும் புகையால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எரிமலை உயிரோடு இருப்பதாகத் தோன்றும் என்கிறார் நெமோ. கடலடி அதிசயங்களை எத்தனையோ பேர் புகழ்ந்துவிட்டார்கள். எனக்கு அந்த நாவலில் மிகப் பிடித்த அத்தியாயம் இந்தக் கரிச்சுரங்கம்தான்.

அதே நாவலில் மன்னார் முத்துப்படுகை வருகிறது. முத்துக் குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறா தாக்குகிறது. நெமோ கத்தியோடு பாய்கிறார். காப்பாற்றிய பிறகு, தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பை நிறைய முத்துக்களை எடுத்து அவன் கையில் வைக்கிறார். உலகத்தையே துறந்துவிட்டதாகச் சொன்னவர் இப்படிச் செய்யலாமா என்ற தொனியில் கதை சொல்லும் பேராசிரியர் கேட்க, அவன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன், கடைசி மூச்சுவரை நானும் அந்த நாட்டவன்தான் என்ற பொருள்பட நெமோ பதில் சொல்கிறார். முதன்முறை படிப்பவருக்கு இது புதிராகவே நிற்கும். விடை 1875இல் நிறைவடைந்த ‘மர்மத் தீவு’ நாவலில் வருகிறது. நெமோ என்பவர் பந்தேல்கண்ட் ராஜாவின் மகன், இளவரசர் டக்கார், திப்பு சுல்தானின் உடன்பிறந்தார் மகன், 1857 எழுச்சியில் குடும்பத்தை இழந்தவர். வெர்ன் முதலில் அவரை ரஷ்யாவைப் பழிவாங்கும் போலந்துக்காரராக யோசித்திருந்தார், பதிப்பாளர் ஹெட்ஸல் ஒப்பவில்லை. 1799இல் மாண்ட திப்புவின் உடன்பிறந்தார் மகன் இந்தக் கதைக்காலத்தில் எத்தனை வயதுக்காரராக இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் இடிக்கும். எனக்கு அந்தக் கணக்கு முக்கியமில்லை. பிரிட்டிஷ் கப்பல்களைக் கடலடியிலிருந்து முட்டி உடைக்கும் அந்த ஆள் இந்தியர் என்று தெரிந்தவுடன், முந்தைய நாவல் முழுவதையும் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். ஒவ்வொரு மௌனத்துக்கும் பொருள் மாறியிருந்தது.

அதற்கு ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1880இல், அதே வெர்ன் ‘நீராவி வீடு’ எழுதினார். எஃகு யானை. உள்ளே பாய்லர், தூக்கிய துதிக்கை வழியாகப் புகை. பின்னால் சக்கரங்கள் பூட்டிய இரண்டு வீடுகள். பெரும்பாலும் பிரிட்டிஷார் கொண்ட ஒரு குழு அதில் உட்கார்ந்து கல்கத்தாவிலிருந்து வடக்கே இமயமலை அடிவாரம் நோக்கிப் போகிறது. இயந்திரம் என்ற வகையில் இதைவிட அழகான கற்பனை அந்த நூற்றாண்டில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கதை யார் பக்கம் நிற்கிறது? மனைவியை கான்பூரில் இழந்ததாக நம்பும் ஆங்கிலேயக் கர்னல் மன்ரோவின் பக்கம். 1857 எழுச்சித் தலைவர்களில் ஒருவரான நானா சாகிப் அதில் வில்லன். 1857க்காக நெமோவை அழவைத்த அதே பேனா இங்கே அதே எழுச்சியை வீட்டு ஜன்னலிலிருந்து வேடிக்கை பார்க்கிறது. இரண்டு நாவலையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே வலித்தது. யானையை நேசிக்கிறேன், அதில் ஏறிப் போகிறவர்களை நேசிக்க முடியவில்லை. கதையின் முடிவில் அந்த யானையின் பாய்லர் வெடிக்கிறது. அந்த இடத்தில் எனக்கு வந்த துக்கம் முழுக்க முழுக்க இயந்திரத்துக்கானது.

ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜின் ‘வித்தியாச இயந்திரம்’ (டிஃபரன்ஸ் எஞ்சின்) என்ற கணக்கிடும் இயந்திரம் இந்த வகையின் இன்னொரு தாய்வேர். அச்சிட்ட கணித அட்டவணைகளில் பிழைகள் மலிந்திருப்பதைக் கண்டு, இந்தக் கணக்குகளை நீராவி போட்டிருக்கக்கூடாதா என்று அவர் 1821இல் ஏங்கியதாகச் சொல்வார்கள். பிரிட்டிஷ் அரசு அந்த இயந்திரத்துக்கு 17,000 பவுண்டுக்கு மேல் செலவழித்துவிட்டு 1842இல் கைகழுவியது. அடுத்து அவர் வரைந்த பகுப்பு இயந்திரம், துளையிட்ட அட்டைகளால் கட்டளை பெறுவது. அதற்கு எய்டா லவ்லேஸ் 1843இல் எழுதிய குறிப்புகளைக் கணினி வரலாறு மறக்காது. வித்தியாச இயந்திரத்தின் இரண்டாம் வரைபடத்தை வைத்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் கணக்கிடும் பகுதியைக் கட்டி முடித்தது. அது 31 இலக்கங்கள் வரை பிழையில்லாமல் கணக்கிட்டது. அச்சிடும் பகுதி 2002இல் சேர்ந்தபோது மொத்தம் 8,000 பாகங்கள், 5 டன் எடை. பாபேஜ் தவறாக வரையவில்லை என்பது ஒன்றரை நூற்றாண்டு கழித்து நிரூபணமானது.

பாபேஜ் அன்றே வென்றிருந்தால்? வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் 1990இல் சேர்ந்து எழுதிய ‘தி டிஃபரன்ஸ் எஞ்சின்’ அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. 1855 லண்டன். கவிஞர் பைரன் அங்கே பிரதமர். ராட்சத இயந்திரங்கள் குடிமக்கள் ஒவ்வொருவரையும் அட்டைகளில் பதிந்து வைத்திருக்கின்றன. தேம்ஸ் நாறுகிறது, மூச்சுவிட முடியாமல் நகரம் கலவரத்தில் இறங்குகிறது. உண்மை வரலாற்றின் பெருநாற்றம் 1858இல் வந்தது. நாடாளுமன்றமே மூக்கைப் பிடித்துக்கொண்டு சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிய கோடை அது. நாவல் அதை முன்னுக்கு இழுத்துக்கொள்கிறது. படிக்க எளிதான நூல் அல்ல, நடுவில் கதை தளர்கிறது. இருந்தாலும் தகவலைச் சேர்த்துவைப்பவன் கையில் அதிகாரம் சேரும் என்பதைப் பற்சக்கரங்களின் இரைச்சலோடு சொன்ன புத்தகம். நீராவிப் பந்தய வண்டி ஒன்று அதில் ஓடும் காட்சிக்காகவே நான் அதைப் பரிந்துரைப்பேன்.

உண்மை வரலாறு நாவல்களைத் தோற்கடித்த இடங்களும் உண்டு. 1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு 60 லட்சம் வருகைகள் பதிவாயின. இரும்பும் ஏறக்குறைய 3 லட்சம் கண்ணாடிப் பலகைகளும் கொண்டு எழுப்பிய மாளிகை அது. அதில் மெர்ரிவெதர் என்ற மருத்துவர் 12 அட்டைப்பூச்சிகளை 12 பாட்டில்களில் வைத்து ஒரு புயல் எச்சரிக்கைக் கருவி காட்டினார். வானிலை மாறினால் அந்தப் பூச்சிகள் மேலே ஏறும், ஏறினால் ஒரு சிறு சுத்தியல் விழுந்து மணி அடிக்கும். இதை ஒரு நாவலில் எழுதினால் மிகை என்பார்கள். அந்த மாளிகையில் என்னைக் கவர்வது வேறொன்று. உள்ளே ஓடிய இயந்திரங்களுக்கு வேண்டிய நீராவி உள்ளே தயாராகவில்லை. வெளியே தனியாக ஒரு பாய்லர் கூடம் கட்டி, குழாய் வழியாகக் கொண்டுவந்தார்கள். பார்வையாளர்கள் நூற்பு இயந்திரத்தைப் பார்த்து வியந்தார்கள். கரி அள்ளியவர்கள் சுவருக்கு அப்பால் இருந்தார்கள்.

ஸ்டீம்பங்க் நாவல்களில் எனக்கு உள்ள பெரிய மனக்குறையும் இதுவே. பல நூல்கள் அந்தக் கண்ணாடி மாளிகைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. தொப்பியில் பற்சக்கரம் ஒட்டியிருக்கும், எதோடும் இணையாமல், எதையும் சுழற்றாமல். பித்தளைக் கண்ணாடி நெற்றியில் இருக்கும், ஒருமுறைகூடக் கண்ணுக்கு இறங்காது. தேநீர் விருந்து, குடை, பிரபு, பிரபுவின் மகள். சக்கரம் என்றால் ஒன்றைச் சுழற்ற வேண்டும், சுழல்வதற்கு ஒரு விலை இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஆலைகளுக்குப் பருத்தி எங்கிருந்து வந்தது, கடலடித் தந்திக் கம்பிகளைச் சுற்றிய குட்டா பெர்ச்சா பிசினுக்காக எந்தக் காடுகள் வெட்டப்பட்டன என்பதெல்லாம் பக்க அடிக்குறிப்பு அல்ல, கதையே அதுதான். பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்கள் பலவற்றின் அடித்தளத்தில் உலைக்கு முன் நின்று கரி தள்ளியவர்கள் இந்தியர்கள். லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட கடலோடிகள். ஐரோப்பியத் தொழிலாளிகளைவிடக் குறைந்த சம்பளத்துக்கு அவர்களை அந்த வெக்கையில் நிறுத்தினார்கள். மேல்தளத்தில் நடக்கும் சாகசத்தை எழுதுகிறவர்கள் ஒரு ஏணி இறங்கிப் பார்த்தால் போதும், அவர்களைச் சந்தித்துவிடலாம்.

இறங்கிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. ஷெரி பிரீஸ்ட் 2009இல் எழுதிய ‘போன்ஷேக்கர்’ நாவலில், துளையிடும் ராட்சத இயந்திரம் ஒன்று சியாட்டில் நகரின் அடியைக் குடைந்து நச்சு வாயுவைத் திறந்துவிடுகிறது. அதைச் சுவாசிப்பவர்கள் செத்தும் சாகாதவர்களாக அலைகிறார்கள். நகரைச் சுற்றிப் பெருமதில் எழுப்பிவிடுகிறார்கள். மகன் உள்ளே போய்விட, ஆலைத் தொழிலாளியான தாய் பிரயர் அவனைத் தேடிப் போகிறாள். இங்கே கண்ணாடிக்குக் காரணம் இருக்கிறது. தனி வகை வில்லை வழியாகப் பார்த்தால்தான் அந்த வாயு தெரியும். முகமூடியின் வடிகட்டி அடைத்துக்கொண்டால் மாற்ற வேண்டும், மாற்று இல்லையென்றால் சாவு. உள்ளே வாழ்பவர்களுக்கு மதிலுக்கு மேலிருந்து நல்ல காற்றை இழுத்துத் தருவது சீனத் தொழிலாளிகள் இயக்கும் உலைகளும் துருத்திகளும். அவர்கள் கையை எடுத்தால் எல்லோருக்கும் மூச்சு நின்றுவிடும். அந்தத் துருத்தி அறை வரும் பக்கங்களை நான் எழுந்து நின்று படித்தேன். இந்த நாவலில் சாகசம் எப்போதும் யாரோ ஒருவருடைய உழைப்பின் மேல் நடந்துகொண்டே இருக்கிறது, ஆசிரியர் அதை ஒருபோதும் மறப்பதில்லை.

நிசி ஷாலின் ‘எவர்ஃபேர்’ 2016இல் வந்தது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் காங்கோ. ரப்பர் கொண்டுவராத மக்களின் கைகளை வெட்டிய கொடுமை வரலாறு. நாவல் அங்கே ஒரு மாற்றுப் பாதையைத் திறக்கிறது. பிரிட்டனின் ஃபேபியன் சோஷலிஸ்டுகளும் அமெரிக்கக் கறுப்பின மதபோதகர்களும் சேர்ந்து மன்னரிடமிருந்து நிலத்தை வாங்கி அடைக்கலப் பூமி ஒன்றை அமைக்கிறார்கள். ஆனால் அந்த நிலத்துக்கு ஏற்கெனவே ஒரு அரசரும் மக்களும் இருக்கிறார்கள், அவர்களும் பேசுகிறார்கள். வெட்டப்பட்ட கைகளுக்குப் பதிலாக இயந்திரக் கைகள் பொருத்தப்படுகின்றன. இந்த வகையில் இயந்திரக் கை என்பது நூற்றுக்கணக்கான நூல்களில் வெறும் அலங்காரம். இங்கே அந்தக் கை எதற்காகத் தேவைப்பட்டது என்று தெரிந்தபின், அலங்காரமாகப் பூட்டிய கைகளைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஃபிலிப் ரீவின் ‘மார்ட்டல் எஞ்சின்ஸ்’ விக்டோரியா காலத்தது அல்ல, மிகத் தொலைவான எதிர்காலம். என்றாலும் இந்த வரிசையில் அதை விட்டுவிட முடியாது. நகரங்கள் சக்கரம் பூட்டி ஓடுகின்றன, பெரிய நகரம் சிறிய ஊரைத் துரத்திப் பிடித்து விழுங்குகிறது. லண்டன் அடுக்கடுக்காக உயர்கிறது, உச்சியில் காற்றும் வெளிச்சமும், அடிவயிற்றில் உலையும் கைதிகளும். ஒரு சிறுவனுக்கும் புரியும்படி, ஆனால் எந்தப் பெரியவரும் சுலபமாகத் தப்பிக்க முடியாதபடி எழுதியிருக்கிறார்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை. முதலில் நெமோ, கட்டாயம் ‘மர்மத் தீவு’ வரை போய்விடுங்கள், பாதியில் நிறுத்தினால் அந்த மனிதரை நீங்கள் சந்திக்கவே இல்லை என்று ஆகும். வெர்னின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் நிறைய வெட்டியிருக்கிறார்கள். முழுமையான பதிப்பு என்று உறுதிசெய்துகொண்டு எடுங்கள். அடுத்து ‘மார்ட்டல் எஞ்சின்ஸ்’, அது ஒரே மூச்சில் ஓடும். பிறகு ‘போன்ஷேக்கர்’. ‘டிஃபரன்ஸ் எஞ்சின்’ படிக்கும் முன் பாபேஜைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவைத்திருந்தால் இரட்டிப்பு இன்பம். ‘எவர்ஃபேர்’ 1889 முதல் 1919 வரை முப்பது ஆண்டுகளைத் தாண்டுகிறது. பாத்திரங்கள் ஏராளம், ஒவ்வொரு சிறு அத்தியாயமும் வேறொருவர் கண்ணுக்குள் தாவும். அதற்கு யார் யார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் உட்காருங்கள்.